பால் பிடிக்காத நெல்

காவேரி மலைமேல் இருக்கும் மாரமங்கலத்துக்கு வாக்கப்பட்டு வந்து இருபது வருஷம் ஆகிறது. ஓடையோரத்துத் துண்டு வயலும் அடுப்படியும் தவிர வேறெதையும் அவள் கண்டதில்லை. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. சேலத்தில் ஒரு விடுதிச் சமையற்கட்டில் காவேரிக்கு அவளுடைய அக்கா வேலை பார்த்து வைத்திருந்தாள். தை பிறந்ததும் போய்ச் சேர வேண்டும். புருஷன் கோவிந்தராஜ் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"அறுப்பு முடியட்டும், அப்புறம் போ கண்ணு."

கண்ணாம் கண்ணு! பக்கத்து வயல்காரி எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

ஆடியில் விட்ட நாற்றங்காலைக் காட்டெருமைகள் இறங்கி மிதித்துத் துவைத்துவிட்டன. எங்கள் மலைநெல்லை மறுபடி விதைத்தால் அறுக்கப் பங்குனி ஆகிவிடும். அதனால் புரட்டாசியில் மலையடிவாரத்துக் குப்பனூருக்குப் போய், சீக்கிரம் விளையும் விதையை வாங்கி வந்தாள்.

"அடியே, அது கீழ வெளையற நெல்லு. நம்ம குளுரு தாங்குமா?" என்றேன்.

"நொம்ப வேகமா வந்துருமாங்க்கா."

அவள் காதில் வேகம் மட்டும்தான் விழுந்தது.

விதையை ஊறவைத்து, சாக்கில் கட்டி முளைக்கவிட்டு, நாற்றாக்கி நட்டாள். பயிர் வேர்பிடித்துத் தூர் கட்டியது. தண்டு பருத்துச் சூல் பிடித்த நேரம் பார்த்துக் குளிர் இறங்கியது. ஆனாலும் கதிர் வெளிவந்தது, பூத்தது. தினமும் வரப்பில் நின்று ஒரு மணியை நகத்தால் கிள்ளிப் பார்ப்பாள். பூ உதிர்ந்தபின் உள்ளே பால் ஏற வேண்டும். ஏறவில்லை. பால் இறுகி அரிசியானால்தானே கதிர் தலைசாயும்? மார்கழி முடிகிறது, கதிர்கள் விறைத்துக்கொண்டு நிற்கின்றன. அத்தனையும் பதர்.

கோவிந்தராஜ் வந்து பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் கொடுமை.

"போனாப் போகுது உடு. அடுத்த வருஷம் நம்ம நெல்லையே போட்டு, அறுத்துட்டுப் போயேன்."

அடப்பாவி மனுஷா!

காவேரி மறுநாள் விடிந்ததும் அரிவாளோடு வயலில் இறங்கினாள். மனசு கேட்காமல் நானும் இறங்கினேன். விளைந்த நெல்லை அறுப்பதுபோலவே பிடிபிடியாக அறுத்து, கட்டுக் கட்டி, தலைச்சுமையாகச் சுமந்துபோய் வீட்டு வாசலில் அடுக்கினோம்.

"மாட்டுக்குத்தான் ஆகும் இது. இதுக்கென்ன இத்தனை அவசரம்?" என்றார் கோவிந்தராஜ்.

"அறுப்பு முடிஞ்சுதுங்க," என்றாள் காவேரி. கையைக்கூடக் கழுவாமல் உள்ளே போய்த் துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.