இறக்கை நுனி

நான் ஆறாவது படித்த வருசம். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அம்மாவுக்கு வேலை. அப்பா இல்லை. லோடு ஏற்றப் போன இடத்தில் செத்துப்போனார் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனேன். செருப்பு உரசினாலும் பொறி வரும் என்று கேட்டிலேயே கழற்றச் சொல்வார்கள். அங்கே செருப்பைக் கழற்றும்போது தலைக்கு மேலே ஒரு குட்டி விமானம் போனது. சத்தமே இல்லை. மூக்கிலிருந்த காத்தாடி நின்றிருந்தது. உடம்பு சின்னது, இறக்கை ரொம்ப நீளம். இறக்கை மேலே பலகை மாதிரி ரெண்டு எழும்பின. உடனே சரசரவென்று இறங்கி, கம்பெனியை ஒட்டின கட்டாந்தரையில் உருண்டு நின்றது. நின்றதும் ஒரு இறக்கை தரையில் சாய்ந்துவிட்டது.

உள்ளே ரெண்டு பேர். ஓட்டக் கற்றுக்கொடுக்கிற சார், கற்றுக்கொள்கிற அண்ணன். மேலேயே இஞ்சின் நின்றுபோச்சாம். சார் மூடியைத் திறந்து ஒரு வயரை மாட்டினார். இங்கிருந்தே கிளம்பிவிடலாம் என்றார்.

திருப்பி நிறுத்தக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். கண்ட இடத்தில் கை வைக்காதீர்கள், இறக்கை உடம்போடு சேர்கிற இடத்தில் தள்ளுங்கள் என்றார் சார். சாய்ந்த நுனியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். கனமே இல்லை.

"கிளம்பும்போது இதை நேராப் பிடிச்சுக்கிட்டே ஓடணும் பாப்பா. வேகம் எடுத்ததும் விட்டுடு. ஓடுவியா?"

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். எங்கள் வகுப்பில் எவளுக்கும் இது வாய்க்காது.

அப்போது அம்மா வந்தாள். கையில், தீயணைக்க வைத்திருக்கிற சிவப்பு மணல் வாளி.

"இதுக்குச் சைலன்சர் எங்கன இருக்கு? வலை மாட்டிருக்கீகளா?"

சாருக்கு விளங்கவில்லை. கம்பெனி போர்மேன்தான் சொன்னார். "லோடு லாரியே வலை மாட்டித்தான் சார் இங்க வரும். பொறி பறக்கக் கூடாதுல்ல."

நாற்பது அடியில் மேடை முழுக்க வெடி காய்ந்துகொண்டிருந்தது.

"ஒரு நிமிசம்தாம்மா, கிளம்பிருவோம்" என்றார் சார்.

"பத்திக்க அம்புட்டு நேரம் வேண்டாம்யா அதுக்கு."

சொல்லிவிட்டு, மூடி திறந்திருந்த இஞ்சினுக்குள் வாளியைக் கவிழ்த்துவிட்டாள்.

அந்த அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் அழுதேன். நீ எதுக்கு வந்தே என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். நுனியை மட்டும் விடவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சார் கோபமாக அவளிடம் போனார். போர்மேன் மறித்து, காதோடு ஏதோ சொன்னார். "லாரி" என்ற ஒரு சொல்தான் எனக்குக் கேட்டது. சார் அப்படியே நின்றார். பிறகு குனிந்து பூட்சைக் கழற்றினார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இனி ஓட வேண்டாம் பாப்பா. மெதுவாக் கீழே வை."

சாயங்காலம் லாரி வந்தது. சார் அதை ரோட்டிலேயே நிறுத்தச் சொன்னார். இறக்கையைக் கழற்றி, எல்லாவற்றையும் அவ்வளவு தூரம் சுமந்துபோய் ஏற்றினார்கள்.

ஒரு வாரம் நான் அம்மாவோடு பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்தத் தரையில் நெருஞ்சி முள் கொள்ளையாகக் கிடக்கும். அதில் போய் அந்த மனுசன் எதற்குப் பூட்சைக் கழற்றினார் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.