தலைகீழாக ஓடிய இழை

லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதருக்கு ஒரே ஒரு பைத்தியம், பழைய ரூபாய் நோட்டு. அதுவும் யார் கையிலும் புழங்காத நோட்டாக இருக்க வேண்டும். ஒரு மடிப்பு விழக் கூடாது, எச்சில் விரல் பட்டிருக்கக் கூடாது. நோட்டுக்குள் ஓடுகிற பாதுகாப்பு இழைதான் அவருக்கு உயிர். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் அது முழுசாகத் தெரியும். சிலதில் வெறும் கோடு, சிலதில் பொடி எழுத்து. இதைத் தேடி அலைந்து நல்லது கெட்டதுக்குக்கூடத் தலைகாட்டாமல் இருந்ததில், சொந்தபந்தமெல்லாம் அவரை எப்போதோ கைகழுவிவிட்டது.

அன்று வாங்கி வந்த நோட்டுக் கட்டு ஒன்றில், எழுத்துகள் தலைகீழாக ஓடும் இழை ஒன்று சிக்கியது. ஆயுசுக்கு ஒரு தடவை கிடைக்கிற சங்கதி. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். வெளியூரில் இருக்கும் மகளை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினார்.

"நல்லா இருக்குப்பா. சாப்டீங்களா?"

பக்கத்து வீட்டுக்காரரோ, "இது இப்ப கடையில செல்லுமா?" என்று கேட்டார்.

சந்தோஷத்தைக்கூடத் தனியாகத்தான் அனுபவிக்க வேண்டுமா என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த நோட்டின் அருமை தெரிந்த ஒரே ஆள் தையல்காரர். அவரும் இவரைப் போலவே நோட்டு சேர்த்து, பார்த்துப் பார்த்து அந்த நோட்டுகளோடு கூடவே வயதானவர். அவரோடு பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது.

மனைவி உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாள், நோட்டு சேகரிப்பவர்கள் கூடிய இடத்தில், நாலு பேர் முன்னால், இவருடைய நோட்டை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "மடிப்ப மறைக்க இஸ்திரி போட்டிருக்குய்யா" என்று தையல்காரர் போட்டு உடைத்தார். இவர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்து மனைவியிடம் பொருமினார்.

அவள் மெல்லச் சொன்னாள்: "தூசு தட்டறப்ப மூலை மடங்கிடுச்சுங்க. நீங்க கத்துவீங்களேன்னு, சட்டையோட சேத்துத் தேய்ச்சு வெச்சுட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் போய் ஒப்புக்கொள்ள ரோஷம் விடவில்லை. இப்போது அந்த ரோஷத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, நோட்டை உறையோடு எடுத்துக்கொண்டு தையல்காரர் வீட்டுக்குப் போனார்.

மருமகள் கதவைத் திறந்தாள். "மாமா, உங்கள பாக்க வந்திருக்காங்க."

தையல் மிஷின் போர்வை போர்த்திக் கிடந்தது.

"நான்தான்யா" என்றார் இவர்.

"லிப்டா? இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"அன்னைக்கு நீ சொன்னது சரிதான். என் பொண்டாட்டிதான் தேய்ச்சிருக்கா."

"இஸ்திரிப் பெட்டி புடிச்ச கைக்கு இது தெரியாதா? அத விடு. என்ன கொண்டாந்திருக்க?"

"இழையப் பாரு. எழுத்து தலைகீழா ஓடுது."

இடுக்கி இல்லாமல் நோட்டைத் தொடவே தொடாத தையல்காரர், உறையிலிருந்து அதை வெறுங்கையால் உருவினார். நடுவில் அழுத்திப் பிடித்தார். பிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இருட்டுச் சுவரைப் பார்க்க நோட்டைத் தூக்கி, மூக்கருகே கொண்டுபோனார்.

தையல்காரருக்குப் பார்வை போய்விட்டது என்று லிப்ட்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. மிஷின் ஏன் மூடிக் கிடக்கிறது என்பதும் புரிந்தது. கட்டை விரலுக்கடியில் நோட்டு மடிந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நோட்டு பிழைத்திருக்கும். அவர் வாயைத் திறக்கவில்லை.

"அட, ஆமாய்யா! தலைகீழாத்தான் ஓடுது. சுத்தமான நோட்டு. ஒரு மடிப்புகூட இல்ல."

யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லுகிற மனிதர் அவர். அந்த இழையைப் பார்க்க இனி உலகத்தில் லிப்ட்காரர் ஒருவர்தான்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"அடுத்த தடவ எல்லாத்தையும் எடுத்துட்டு வா. ஒவ்வொண்ணா பாத்துடலாம்."

"கொண்டாறேன்யா" என்று நோட்டை வாங்கியவர், அதை உறையில் போடாமல், சில்லறையோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.