நித்திரை என்று நினைத்து விளக்கை அணைத்தேன்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாதி மாதம். கொப்பன்ஹேகன் பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு தெருவில் இது நடந்தது. நான் அந்த நகரத்துக்கு வெளியே அல்பர்ட்ஸ்லுண்டில் வசிப்பவன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடினால் சுவரோரமாக நிற்கிற ஆள். இதை எழுதச் சொல்லி மனைவிதான் ஒரு மாதமாகப் பின்னால் நின்றாள். எழுத்துப் பிழைகளை அவளே திருத்தினாள். நடந்ததில் கை வைக்கவில்லை.

இருபது வருடம் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்தேன். அது மூடப்பட்ட பிறகு ஒரு துப்புரவுக் கம்பனியில் சேர்ந்தேன். பாடசாலை, வங்கி, பல் வைத்தியர் என்று மாறி மாறி அனுப்பினார்கள். ஒரு திங்கட்கிழமை புதிய முகவரி ஒன்று தந்தார்கள். உள்ளே போன பிறகுதான் அது என்ன இடம் என்று தெரிந்தது.

ஹெரோயின் தூளுக்கு அடிமையானவர்கள் தாங்கள் கொண்டுவருகிற தூளை, தாதிமார் பார்த்துக்கொண்டிருக்க, ஊசியால் ஏற்றிக்கொள்ளும் இடம் அது. சட்டப்படிதான் நடக்கிறது. வரிசையாகச் சின்ன எஃகு மேசைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதிரை, ஒரு கண்ணாடி, சுத்தமான ஊசி, பாவித்த ஊசியைப் போட ஒரு பெட்டி. பக்கத்து அறையில் சோபாக்களும் கோப்பியும். எனக்கு வயிறு எரிந்தது. குடிகாரனுக்கு அரசாங்கமே கிளாஸ் கழுவிக் கொடுக்கிற மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். அந்தக் கிளாஸைக் கழுவுகிறவன் நானாகிவிட்டேன் என்பது இன்னும் வெட்கம். வீட்டில் "கிளினிக்" என்று மட்டும் சொன்னேன்.

வேலை செய்தேனே தவிர, யாருடனும் பேசவில்லை. ஆனால் ஒருவர் விடவில்லை. என் வயதுதான் இருக்கும். உயரமானவர், செம்பட்டைத் தாடி, கழற்றாத பச்சைக் கம்பளித் தொப்பி. என்னைக் கண்டால் ஒவ்வொரு நாளும் "காலை வணக்கம்" சொல்வார். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாண் தொழிற்சாலைக் காலத்தில் நான் இரவு வேலை, மனைவி முதியோர் இல்லத்தில் அதிகாலை வேலை. இங்கே எத்தனையோ தமிழ் வீடுகள் இப்படித்தான். பகலில் யாராவது ஒருவர் நித்திரையில் இருப்பார். திரைச்சேலை மூடியிருக்கும், தொலைபேசி பேசாது, எங்கள் மகள் நடக்கப் பழகியதே நுனிக்காலில்தான். வேலை செய்து களைத்தவரின் நித்திரையைக் குழப்புவதைவிடப் பெரிய குற்றம் எங்கள் வீட்டில் இல்லை.

நான் அங்கே போகத் தொடங்கிச் சில கிழமைகளின் பின், ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். தாதிமார் மேசைகள் இருக்கும் அறையில் இருந்தார்கள். நான் சோபா அறைக்குள் தூசி உறிஞ்சும் இயந்திரத்தோடு போனேன். மூலைச் சோபாவில் பச்சைத் தொப்பிக்காரர் சரிந்து கிடந்தார். நல்ல தடித்த குறட்டை. பார்க்க எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பாவம், எங்கே எந்தக் குளிரில் இரவைக் கழித்தாரோ என்று நினைத்தேன்.

இயந்திரத்தை நிறுத்தினேன். அலுமாரியிலிருந்து ஒரு சுத்தமான துவாயை எடுத்து, நாலாக மடித்து, மெல்ல அவர் தலைக்குக் கீழே வைத்தேன். முகத்துக்கு நேரே எரிந்த விளக்கையும் அணைத்தேன். பிறகு ஈரத் துடைப்பத்தை எடுத்து, அவருடைய சப்பாத்தைத் தொடாமல், அரைவட்டமாகச் சுற்றித் துடைத்தேன். இந்த இடத்துக்கு வந்து முதல் தடவையாக ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று மனம் நிறைவாக இருந்தது.

வாசலில் ஒரு தாதி எட்டிப் பார்த்தார். நரைத்த முடி, எப்போதும் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடப்பவர்.

"ஆர் இந்த லைற்றை நூத்தது?" என்று டெனிஷில் கேட்டார்; எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினேன். "அவர் நல்ல நித்திரை" என்று சிரித்தேன்.

பாட்டு நின்றது. இரண்டே எட்டில் சோபாவுக்கு வந்தார். விளக்கைப் போட்டார். பச்சைத் தொப்பிக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினார், பெயரைச் சொல்லிக் கத்தினார். அசைவில்லை. வெளிச்சத்தில் அப்போதுதான் நான் அந்த மனிதரின் உதடுகளைப் பார்த்தேன். நாவல்பழம் தின்றவை போல இருந்தன. குறட்டையும் நின்றிருந்தது.

இன்னொரு தாதி ஒக்சிஜனோடு ஓடிவந்தார். முகத்தில் மூடி ஒன்றை வைத்து, அதோடு இருந்த காற்றுப் பையை அமுக்க அமுக்க, நெஞ்சு ஏறி இறங்கியது. மூக்குக்குள் ஏதோ ஸ்பிரே அடித்தார்கள். "கதவைப் பிடி, ஒருத்தரையும் உள்ள விடாதை" என்றார் தாதி. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முருகா, முருகா என்பதைத் தவிர வேறொன்றும் எனக்கு வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் துடைத்த தரை காய்வதற்கு முன்தான் எல்லாம் நடந்தது.

கிணற்றுக்குள்ளிருந்து எழும்பியவர் போல ஒரு பெரிய மூச்சு வந்தது. கண்ணைத் திறந்தார். திறந்த உடனேயே எல்லாரையும் ஏசத் தொடங்கினார். ஸ்பிரே அடித்தால் போதை முழுவதும் இறங்கிவிடும், உடம்பு பிய்த்துத் தின்னும், அந்தக் கோபம். தாதிக்குச் சிரிப்பு.

"ஏசு, நல்லா ஏசு! ஏச மூச்சு வேணும். மூச்சு வந்திட்டுது!"

பிறகு தாதி என்னிடம் வந்தார். ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. "அது குறட்டை இல்லை, தொண்டை அடைபடுற சத்தம். இஞ்ச ஆர் படுத்தாலும் எழுப்பிப் பார். கோபிச்சா கோபிக்கட்டும்" என்றார்.

ஸ்பிரேயின் வேகம் குறைந்தால் திரும்பவும் மயங்கலாம் என்று பச்சைத் தொப்பிக்காரரைப் பின்னேரம் வரை போகவிடவில்லை. நான் முகத்தைக் காட்டப் பயந்து, துடைப்பங்கள் வைக்கும் அறைக்குள் ஒளிந்திருந்தேன். வெளியே வந்தபோது அவர் போய்விட்டார்.

வீட்டில் மனைவி என் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, ஏன் சோத்தை அளைஞ்சுகொண்டிருக்கிறியள்?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"கிளினிக் எண்டெல்லோ சொன்னீங்கள்?"

"அதுவும் ஒரு மாதிரிக் கிளினிக்தான்."

பிறகு, "லைற்றையும் நூத்தனீங்களோ?" என்றாள்.

"ஓம்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணையும் துடைத்தாள். "ஆள் தப்பினபடியாத்தான் சிரிக்கிறன். நாளைக்கு வருவார். முகத்தைப் பாத்து மன்னிப்புக் கேளுங்கோ. துடைப்பத்துக்குப் பின்னால ஒளியாதேங்கோ."

எனக்குத் தெரிந்தது வேலைத்தலத்து டெனிஷ்தான். அதில் மன்னிப்புக் கேட்டால் வாளி தட்டுப்பட்டதற்குக் கேட்டது போல இருக்கும். மகள் நல்ல வசனம் ஒன்று சொல்லித் தந்தாள். அதைத் தமிழ் எழுத்தில் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு கிழமை போயிற்று. "அவர் இப்பிடித்தான், இடைக்கிடை காணாமல் போவார்" என்றார் தாதி. ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் அவரும் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன். பையில் இருந்த துண்டு பஞ்சு மாதிரியாகிவிட்டது. ரயிலில் வரும்போது ஒவ்வொரு நிலையத்தின் படிக்கட்டையும், கழிப்பறைக் கதவையும் பார்ப்பேன். அங்கே எங்காவது தனியே சரிந்து கிடந்தால்? அங்கே விளக்கைப் போடவும் ஆள் இல்லை, "யார் அணைத்தது" என்று கேட்கவும் ஆள் இல்லை. அந்த நாட்களில்தான், யாரும் சொல்லித் தராமல், அந்த எஃகு மேசைகள் எதற்கு என்று எனக்கு விளங்கியது.

பதினோராம் நாள் கதவு மணி அடித்தது. முதலில் பச்சைத் தொப்பி தெரிந்தது. அதற்குக் கீழே செம்பட்டைத் தாடி. கமக்கட்டுக்குள் ஒரு தலையணை! மஞ்சள் பூப்போட்ட உறை.

"எங்க அந்தத் துப்புரவுக்காரன்?" என்று அறை அதிரக் கேட்டார். நான் ஒளிவதற்குள் கண்டுவிட்டார். "இந்தா, பிடி! அடுத்த முறை துவாய் வேண்டாம். பத்து நாளாக் கழுத்து நோகுது!"

மேசைகளில் இருந்தவர்கள், தாதிமார், கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் துண்டை எடுத்தேன். எழுத்துக்கூட்டி வாசித்தேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். அவர் வழுக்கை என்று அன்றுதான் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

"என்ர தலைக்குக் கீழ ஆராவது எதையாவது வைச்சு எத்தனை வருசம் தெரியுமோ?" என்றார்.

அன்று விழித்தெழுந்த பயத்தில், கோப்பி குடிக்க வந்த ஒருவரின் தொலைபேசியில் தமக்கையைக் கூப்பிட்டிருக்கிறார். தமக்கை யூலாந்துப் பக்கம் கிரின்ஸ்டெட் என்ற தூரத்து ஊரில் இருக்கிறாராம்; பத்து நாளும் அங்கேதான் நின்றாராம். கோபித்துக்கொண்டு பல வருடமாகப் பேசாமல் இருந்தவர்கள். "அந்த ஊருக்குப் போறதைவிட மேலோகம் போறது சுகம். அதுக்கு பஸ் மாறத் தேவையில்லை" என்றார். தலையணை தமக்கை கொடுத்தது. அவர் தூளை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் பொய். விடவில்லை. ஆனால் உயிரோடு இருந்தார், தமக்கையும் கிடைத்துவிட்டார்.

அடுத்த கோடையில் இக்காஸ்ட் என்ற ஊரில் உறவினர் மகளின் சாமத்திய வீட்டுக்கு, அதாவது பூப்புனித விழாவுக்கு, போயிருந்தோம். சாப்பாட்டு மேசையில் பேச்சு வந்தது. யூலாந்துப் பக்கம் ஒரு நகரத்தில் இப்படி ஓர் இடம் திறக்கலாமா என்று கதைக்கிறார்களாம். எங்கள் மேசையில் ஓர் அண்ணை இருந்தார். எந்தக் கொண்டாட்டத்திலும் அவர் குரல்தான் மைக் இல்லாமல் கேட்கும்.

"தூள்காரருக்கு மேசை, கதிரை, சோபா! கோப்பியும் குடுக்கினமாம். இன்னும் ஒண்டுதான் குறை, தாலாட்டு! உப்பிடித் திறந்தா நாளைக்குப் பத்துப் பேர் புதுசாப் பழகுவாங்கள்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது.

"அண்ணை, நான் அங்கதான் வேலை செய்யிறன். தாலாட்டினது நான்தான்."

மண்டபத்தின் அந்தப் பக்கத்தில், நான் வாய் திறந்ததைக் கண்ட மனைவி, கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். துவாயிலிருந்து தலையணை வரை எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கை அணைத்த இடத்தில் அண்ணை மேசையில் அடித்துச் சிரித்தார்.

"புதுசா வாற ஆக்களை நான் அங்க காணேல்லை அண்ணை. எல்லாம் தேஞ்சுபோன ஆக்கள். மேசை இல்லாட்டி விடமாட்டினம், படிக்கட்டில இருந்து செய்வினம். அங்க லைற் இல்லை" என்றேன்.

அண்ணை கதிரையை என் பக்கம் இழுத்தார். "அப்ப நித்திரையையும் அதையும் என்னெண்டடா பிரிக்கிறது?"

"தோளைப் பிடிச்சு உலுப்பிக் கூப்பிடுங்கோ. நித்திரை எண்டா எழும்பி ஏசுவார். ஏசாட்டி அம்புலன்ஸுக்கு அடியுங்கோ."

"எண்டாலும் எங்கட தெருவில வேண்டாம்" என்று முடித்தார். அவர் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. ஆனால் நாங்கள் புறப்படும்போது காருக்குப் பக்கத்தில் வந்து, ஈயத்தாளில் சுற்றிய பெரிய பொட்டலம் ஒன்றை யன்னலால் நீட்டினார். "ரோல்ஸ், நல்ல உறைப்பு. அந்தத் தலையணைக்காரனுக்குக் குடு. ஏசுறானோ எண்டு பார்!"

அடுத்த நாள் பச்சைத் தொப்பிக்காரர் ஒரு ரோலைக் கடித்தார். கண் கலங்கியது, மூக்கு ஓடியது. "இதை உங்கட ஆக்கள் சட்டப்படிதான் சாப்பிடினமோ?" என்று தாதியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இன்னும் மூன்றை எடுத்தார்.

அந்தத் தலையணை இன்றைக்கும் மூலைச் சோபாவில் இருக்கிறது. பக்கத்தில் உள்ள சுவிச்சின் மேல் "அணைக்காதே" என்று தாதி டெனிஷில் எழுதி ஒட்டியிருக்கிறார். அதற்குக் கீழே தமிழிலும் எழுதச் சொல்லி என்னிடம் பேனையைத் தந்தார். அங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழுதினேன். காலையில் போனதும் முதல் வேலையாக அந்த விளக்கைப் போட்டு, சோபாவில் யார் கிடந்தாலும் தோளைப் பிடித்து உலுப்புவேன். பச்சைத் தொப்பிக்காரர் என்றால் பூப்போட்ட தலையணையிலிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்து, என் பரம்பரையையே இழுத்து ஏசுவார். வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்; ஒருவர் ஏசுவதைக் கேட்டு மனம் நிறையும் என்பதை அந்த விளக்குக்குக் கீழேதான் கற்றுக்கொண்டேன்.