கோப்பையில் இல்லாத பெயர்

எங்கள் பள்ளிக் கபடிப் போட்டிக்கான கோப்பையை ஊர்ப் பெரியவர், தலைமையாசிரியையான என் மேசைமேல் வைத்தார். அடிக்கட்டையின் வார்னிஷ் வாசம் என்னை எட்டாம் வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டது.

அன்று நாங்கள் ஜெயித்த கோப்பையை ஒரு நாள் வீட்டில் வைத்துக்கொள்ளத் தலைமையாசிரியர் என்னிடம் தந்தார். எழுதப் படிக்கத் தெரியாத அப்பா, தறி ஓட்டிக் காய்த்த விரலால் அதிலிருந்த எழுத்துகளைத் தடவினார்.

“இது உன்ற பேருதானே சாமி?”

அது கோப்பை கொடுத்தவரின் பெயர். அப்பாவின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, “ஆமாங்கப்பா” என்றேன்.

அவர் அதைத் துண்டில் சுற்றி டீக்கடைக்கு எடுத்துப்போனார். திரும்பி வந்து, “ஒருத்தன் படிச்சுச் சொல்லிப்போட்டான், ஊரே சிரிக்குது” என்றார். அதன்பின் வீட்டுக்கு வந்த எந்தக் காகிதத்தையும் அவர் என்னிடம் படிக்கக் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடமே கொண்டுபோனார்.

“எம்பேரு எடுப்பாத் தெரியுதுங்களா மேடம்?” என்று எதிரே நின்ற பெரியவர் கேட்டதும் நினைவு கலைந்தது.

“தெரியுதுங்க. ஆடுற புள்ளைங்க பேரு எங்கீங்க?”

“அதுக வருசா வருசம் மாறுமுங்க. அதையெல்லாம் யாரு போடறது?”

கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“எடுத்துட்டுப் போயிருங்க. எங்க புள்ளைங்க கப்பு இல்லாமயே ஆடிக்குவாங்க.”