சந்தேகம் உள்ளவர் எழுந்து போக வேண்டும்

எங்கள் அலுவலகத்தில் யாருக்கு என்ன தெரியும் என்று வரைபடம் போடும் வேலையை என் தலையில் கட்டினார்கள். ஆள் விலகிப் போனால் அவரோடு அறிவும் போய்விடுகிறதாம், பிடித்துவைக்க வேண்டுமாம். தெரிந்ததையெல்லாம் எழுதி ஏற்ற ஏற்கெனவே ஒரு இணையதளம் வைத்திருந்தார்கள். எல்லோரும் ஏற்றினோம், ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

நான் சுற்றி வளைக்கவில்லை. வேலையில் மாட்டிக்கொண்டால் யாரிடம் போவீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். பதில் சொன்னவரிடமிருந்து அவர் காட்டிய ஆளுக்கு ஒரு அம்பு. வரைந்து முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. துறை, மாடி, பதவி எதையும் அந்த அம்புகள் மதிக்கவில்லை. பெரும்பாலானவை எங்கள் கம்பெனி பஸ்ஸுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன.

செங்கல்பட்டில் புறப்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வழியாகக் கேளம்பாக்கம் போகும் பஸ் அது. அதில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் சீட் மாறலாம். சந்தேகம் உள்ளவர், தெரிந்தவர் பக்கத்தில் போய் நிற்பார். அங்கே இருப்பவர் முணுமுணுக்காமல் எழுந்து இடம் விடுவார். தெரிந்தவர் மட்டும் அசைய மாட்டார்.

ஆள் குறைவு என்று அந்த பஸ்ஸை நிறுத்தப்போவதாகப் பேச்சு அடிபட்டது. நின்றால், மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இரண்டு பஸ் மாறி நான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. வேலையை விட வேண்டியதுதான். பஸ்ஸை நிறுத்தக் கூடாது என்பதற்கு ஆதாரமாக வரைபடத்தை மேலாளரிடம் நீட்டியபோது பயமாகத்தான் இருந்தது.

“பஸ்லயா ஆபீஸ் நடத்துறீங்க?” என்றார். நேரில் பார்க்கிறேன் என்று மறுநாள் மாமல்லபுரத்தில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார்.

வந்தது வினை. பஸ் பரீட்சை மண்டபம் ஆகிவிட்டது. தினமும் காதைக் கிழிப்பவர்கள், சவுக்குத் தோப்பை அன்றுதான் கண்டவர்கள்போல ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அத்தனை பேர் மீதும் கோபம் கோபமாக வந்தது.

திருவிடந்தை நெருங்கும்போது மேலாளர் மடிக்கணினியைத் தட்டித் தட்டி அலுத்துக்கொண்டார். “இந்தப் புது அப்ரூவல் பக்கம் ஏன் தொறக்க மாட்டேங்குது? யாருக்காவது தெரியுமா?”

பின்னால் இருந்த சம்பளப் பிரிவு அக்கா செங்கல்பட்டுக்காரர், பேச்சில் யாருக்கும் சலுகை தராதவர். “கடைசி சீட்டு அண்ணனுக்குத் தெரியும் சார்” என்றார்.

“அவரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க.”

“அவரு இன்னாத்துக்கு சார் வரணும்? டவுட்டு உங்களுக்குத்தான கீது.”

திருவிடந்தையில் வண்டி நின்றது. மேலாளர் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைசி சீட்டுக்கு நடந்தார். அங்கே ஒருவர் எழுந்து இடம் விட்டார். அவ்வளவுதான், பஸ் முழுக்கப் பேச்சு கிளம்பிவிட்டது.

அன்று மதியம் வரைபடத்தில் மேலாளருக்கும் ஒரு வட்டம் போட்டு, கடைசி சீட்டுக்கு அம்பு இழுத்தேன். பஸ் இன்றும் ஓடுகிறது. மாமல்லபுரம் வந்ததும் அவரும் ஏறுகிறார், சந்தேகம் இருக்கும் நாட்களில்.