பின்லாந்து எங்கள் பாடசாலைக்கு வந்த திங்கட்கிழமை

எங்கள் வலயத்துக் கல்வி அதிகாரி பின்லாந்துக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து அவர் வாயில் வேறு ஊரே வரவில்லை. அங்கே எதைப் படிப்பது என்று பிள்ளைகள்தான் தீர்மானிக்கிறார்களாம், ஆசிரியர் பக்கத்தில் நின்றால் போதுமாம். மலையகத்தில், பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பக்கத்தில் நிற்கக்கூட ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. இருந்த ஆளைக் கொண்டுபோனதே அவர்தான்.

எங்களுக்கு இருந்த ஒரே கணித ஆசிரியரைச் சொல்கிறேன். புதிய திட்டத்துக்கு இணைப்பாளர் என்று பெயர் கொடுத்து அவரை வலயக் கல்விப் பணிமனைக்கு இழுத்துக்கொண்டார்கள். மூன்று மாதமாகப் பதினோராம் தரத்துக்குக் கணக்குப் பாடமே நடக்கவில்லை. நான் தமிழாசிரியன், கணக்கைக் கண்டால் ஓடி ஒளிகிற ஆள். அந்த வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். டீச்சராக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சில்லை. பதினோராம் தர முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் தவறினால் அந்த ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான். கொழுந்தெடுக்கப் போகிற அவள் அம்மா ஒருநாள் வழியில் என்னை மறித்தார்.

“மத்த பாடமெல்லாம் அவளே பாத்துக்குவா சேர். கணக்குக்கு மட்டும் யாரையாவது பாத்துக் குடுங்க.”

பார்க்கிறேன் என்றேன். சொல்வதற்கு என்ன செலவு.

இந்த லட்சணத்தில் எங்கள் பாடசாலையை மாதிரிப் பாடசாலையாகத் தெரிவு செய்திருப்பதாகவும், அதிகாரி திங்கட்கிழமை நேரில் வருவதாகவும் கடிதம் வந்தது. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைக்க வேண்டும், ‘நீங்க’ போட்டு மரியாதையாகப் பேச வேண்டும் என்று அதில் இருந்தது. எங்கள் பாடசாலை அதிபர் ஒரு வாரம் பழகிப் பார்த்தார். “டேய், நீங்க வாய மூடிக்கிட்டு உக்காருங்கடா” என்பதற்கு மேல் அவருக்கு வரவில்லை. வட்டம் போட்டதில் கூரை ஒழுகுகிற இடம் சரியாக நடுவில் வந்தது. அங்கே ஒரு வாளியை வைத்தோம்.

என்ன படிக்க விரும்புகிறீர்கள் என்று அதிகாரி ஒவ்வொரு பிள்ளையையும் கேட்பாராம். பிள்ளைகள் சுதந்திரமாகப் பதில் சொல்ல வேண்டுமாம். சுதந்திரத்தை நாங்கள் சும்மா விடுவோமா? ஒத்திகை பார்த்தோம். காலையில் தொழிலாளர் கூடுகிற பெரட்டுக்களத்தில் கங்காணி யாருக்கு எந்த மலையில் கொழுந்து என்று பிரித்து அனுப்புவாரே, அதே மாதிரி நான் ஆசைகளைப் பிரித்துக் கொடுத்தேன். உனக்குப் பறவை, உனக்கு மழை, உனக்கு வானவில். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதைச் செய்யப் பின்லாந்துப் பயிற்சி வேண்டியதில்லை. அந்தப் பெண்பிள்ளைக்கு வண்ணத்துப்பூச்சி விழுந்தது. அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை வந்தது. அதிகாரிக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, உள்ளே அழைத்து வந்தோம். பின்னால் கணித ஆசிரியர் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பறவையும் மழையும் வானவில்லும் ஒப்பித்து முடிந்தன; ஒவ்வொன்றும் மஞ்சள் தாளில் எழுதப்பட்டுச் சுவரில் ஏறியது. அதிகாரி பூரித்துப்போய் இருந்தார். அவள் முறை வந்ததும் எழுந்து நின்றாள்.

“எனக்குக் கணக்குப் படிக்கணும், சேர். மூணு மாசமா எங்களுக்குக் கணக்கு வாத்தியார் இல்லீங்க. அந்தா நிக்கிறாங்களே, அவங்களத் திருப்பி அனுப்புங்க.”

அதிபருக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது, அதை மறைக்க மாட்டேன். அதிகாரி இனி என்ன பதில் சொல்வார் என்று பார்த்தேன். அவர் கை தட்டினார்.

“பாத்தீங்களா? பிள்ளையே தன்னோட தேவைய எழும்பிச் சொல்லுது. இதத்தான் நான் அங்கயும் பாத்தேன்.”

மஞ்சள் தாளில் ‘கணக்கு’ என்று தன் கையாலேயே எழுதி, பறவைக்கும் வானவில்லுக்கும் நடுவில் சுவரில் ஒட்டினார். அவளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு வடை சாப்பிட்டார், தேத்தண்ணி குடித்தார், ஜீப்பில் ஏறினார். கணித ஆசிரியர் வயர்களைச் சுருட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறினார். கேட்க வேண்டியதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். அந்த நேரத்தில் ஜீப்பின் ஜன்னலுக்குள் வடைத் தட்டை நீட்டி, இன்னும் ஒன்று எடுங்க சேர் என்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். அதிகாரியை விட என்னைத்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

எல்லாரும் போன பிறகு அவள் என்னிடம் வந்தாள். அதிபர் அவளைத் திட்டி முடித்திருந்தார், இந்த முறை ‘நீங்க’ இல்லாமல்.

“சேர், நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி வண்ணத்துப்பூச்சின்னு சொல்லியிருந்தா, வாத்தியார விட்டுட்டுப் போயிருப்பாங்களா?”

குத்திக் காட்டவில்லை. தான் தப்பாகச் சொல்லித்தான் காரியம் கெட்டுவிட்டதோ என்று உண்மையாகவே கேட்டாள். எதைச் சொல்லியிருந்தாலும் வாத்தியார் ஜீப்பில்தான் ஏறியிருப்பார் என்று எனக்குத் தெரியும்; நான் வட்டத்து நடுவில் இருந்த வாளியை எடுத்து ஓரமாக வைத்தேன்.