முன்னும் பின்னும் இல்லாத கழுத்துக் குல்லா

என் பீரோவின் அடித்தட்டில், வேப்பிலைச் சருகுக்கு நடுவே, சாம்பல் நிறக் கம்பளியில் பின்னிய கழுத்துக் குல்லா ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் வாய் திறந்த குழாய் மாதிரி இருக்கும். தலை வழியாக இறக்கினால் கழுத்தைச் சுற்றி உட்காரும். மேலே இழுத்துவிட்டால் காது வரை மூடும். அதற்குக் கடையில் என்ன பேரோ, எங்கள் வீட்டில் மதினி வைத்த பேர்தான். அதில் ஓரிடத்தில் மட்டும் நூல் தேய்ந்து பஞ்சு பஞ்சாக இருக்கும். மற்ற இடமெல்லாம் நேற்றுப் பின்னியது போல இருக்கும். போன வாரம் பேத்தி அதை எடுத்துப் பார்த்து, "இது யாரு போட்டது?" என்று கேட்டாள். வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் பட்டாளத்தில் லாரி ஓட்டினான். கல்யாணமான புதிதில் வடக்கே ஒரு ஊரில் குவார்ட்டர்ஸ் கிடைத்து, மதினியையும் கூட்டிப்போய் ஒரு வருஷம் வைத்திருந்தான். பக்கத்து வீட்டுப் பட்டாளத்து மனைவிகளிடம் அவள் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டது அப்போதுதான். பிறகு அவனைப் பனிமலைக்கு மாற்றினார்கள். அங்கே குடும்பம் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் மதினி அருப்புக்கோட்டைக்குத் திரும்பிவந்தாள். ஊசிகளும் கூடவே வந்தன. ஒன்று வழியில் தொலைந்துபோக, சைக்கிள் கம்பியை வெட்டிக் கல்லில் தேய்த்து அந்த இடத்தை நிரப்பினாள். எங்கள் ஊர் வெயிலில் கம்பளி ஊசியோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துத் தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அடுத்த வருஷம் லீவில் வந்த ஒரு பட்டாளக்காரர் கையில் அண்ணன் கம்பளி நூல் கொடுத்துவிட்டிருந்தான். மப்ளர் போட்டால் அதன் முனை காற்றில் பறந்து முகத்தில் அடிக்கிறது, ஸ்டியரிங்கில் சிக்குகிறது, முனையே இல்லாமல் ஒன்று பின்னி அனுப்பு என்று சொல்லியனுப்பியிருந்தான். உனக்கும் ஒன்று பின்னி வைத்துக்கொள், குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் கூட்டிப்போகிறேன் என்றும் சொல்லியிருந்தான். அந்த இரண்டாவது பேச்சை மதினி என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

நூல் வந்த சமயம் பங்குனிப் பொங்கல். மதினி பாளையம்பட்டியில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். எங்கள் அப்பா பிறவி நெசவாளி. நூல் என்று ஒன்று கைக்கு வந்தால் அவருக்குச் சும்மா இருக்க முடியாது. கம்பளி நூலைச் சுருட்டியிருந்த சிட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். "பிசிறு பிசிறா இருக்கு, இதுல என்னத்தப் பின்னும் அந்தப் பிள்ள? கஞ்சி போட்டாத்தான் நூலு நிக்கும்" என்றார். பருத்தி நூலுக்குச் செய்வது போலவே சுடச்சுடக் கஞ்சி காய்ச்சி, சிட்டத்தை முக்கி, கசக்கி, முறுக்கிப் பிழிந்து, உதறி வெயிலில் போட்டார். மருமகள் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். கம்பளி சூட்டில் கசங்கினால் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் என்பது எங்கள் தெருவில் யாருக்குத் தெரியும்? சாயங்காலம் பார்த்தால் சிட்டம் இருந்த இடத்தில் தேங்காய் மட்டை மாதிரி ஒன்று கிடந்தது. ஒரு இழைகூடப் பிரியவில்லை.

மதினி வந்து பார்த்தாள். "பரவாயில்ல மாமா, வேற வாங்கிக்கலாம்" என்றாள். அடுப்படிக்குப் போய்தான் அழுதாள்.

வேறு வாங்குவது லேசாக இல்லை. மழையே எட்டிப் பார்க்காத சீமையில் கம்பளி நூல் விற்க எவன் கடை போடுவான்? அப்பா விருதுநகரில் கேட்டார். மதுரைக்கு பஸ் ஏறிப்போய்க் கடை கடையாகக் கேட்டார். கடைசியில் கொடைக்கானலுக்கு உருளைக்கிழங்கு லோடு ஏற்றப் போகும் ஒரு லாரிக்காரரிடம் சொல்லிவைத்து, அவர் மறந்து, மறுபடி சொல்லி, நூல் வந்து சேர்ந்தபோது ஐப்பசி. ஒரு குல்லாவுக்குத்தான் போதும் என்று மதினி கையில் பிடித்ததுமே சொல்லிவிட்டாள். அவளுடையதைப் பற்றி அப்புறம் பேச்சே எழவில்லை.

அவள் பின்னியதை நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். முதல் வரிசைக் கண்ணிகளை இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து அதன்மேல் போட்டாள். அப்படிப் போட்டால்தான் வாய் இளகி, தலை நுழையும். மூன்று ஊசியில் கண்ணிகளைப் பிரித்துத் தரையில் முக்கோணமாகப் பரப்பி, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் வட்டத்தை இணைத்தாள். ஒரு கண்ணி முறுக்கிக்கொண்டாலும் முழுக் குல்லாவும் முறுக்கிக்கொள்ளுமாம். சுற்று தொடங்கும் இடம் தெரிய ஒரு சிவப்பு நூல் துண்டைக் கட்டிவைத்தாள். இழை தீர்ந்தபோது அப்பா முடிச்சுப் போடக் கை நீட்டினார். "வேணாம் மாமா, முடிச்சு கழுத்துல உறுத்தும்" என்று சொல்லி, இரண்டு முனையையும் பிரித்து, எச்சில் தொட்டு, உள்ளங்கையில் வைத்துச் சூடேறத் தேய்த்தாள். இரண்டும் ஒரே இழையாகிவிட்டது. அப்பா அதை வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

முடிந்ததும் என் தலையில் மாட்டிவிட்டாள். "இதுக்கு முன்னும் கெடையாது பின்னும் கெடையாது. இருட்டுல எடுத்து எப்பிடி மாட்டுனாலும் சரிதான்" என்றாள். அவ்வளவு பெருமையாக அவள் பேசி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வெள்ளைத் துணியில் பொட்டலமாகத் தைத்து, அப்பாவே தபாலாபீஸுக்குக் கொண்டுபோனார்.

மார்கழியில் தந்தி வந்தது. பனி வழுக்கி லாரி பள்ளத்தில் விழுந்துவிட்டது. சண்டை இல்லை, எதிரி இல்லை. அவன் உடம்பும் ஊருக்கு வரவில்லை.

அப்பா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்; தறியைத் தொடவில்லை. சோற்றை வைத்தால் அப்படியே இருந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒன்றையே கேட்டார். "பார்சலு போய்ச் சேந்துச்சாய்யா? நான் அந்த நூலக் கெடுக்காம இருந்தா ஆடியிலயே போயிருக்கும். எம்பிள்ள குளிருலயே போயிட்டானா?" யாருக்கு என்ன தெரியும்? அம்மா செத்தபோதுகூட அவர் அப்படி இருந்ததில்லை. அவரும் போய்விடுவார் என்றே நாங்கள் பயந்தோம்.

மாசியில் அண்ணனின் பெட்டி வந்தது. உள்ளறையில் மதினியும் நானும் திறந்தோம். மேலாகவே அந்த வெள்ளைப் பொட்டலம் இருந்தது. தையல் பிரியவில்லை. அவன் போன பிறகு வந்து சேர்ந்ததை யாரோ பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

 மதினி பல்லால் தையலைக் கடித்துப் பிரித்துக் குல்லாவை எடுத்தாள். துணியை அடுப்பில் போட்டாள். பாத்திரம் விளக்கும் தேங்காய் நாரை எடுத்துவந்து, குல்லாவை மடியில் வைத்து, ஒரே இடத்தில் தேய்க்க ஆரம்பித்தாள். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். நூல் பஞ்சாகும் வரை தேய்த்தாள். கண்ணீர் அதன்மேலேயே விழுந்தது.

"போட்டுருந்திருக்காக மாமா. தாடி ஒரசி நூலு எப்பிடித் தேஞ்சிருக்கு பாருங்க" என்று அப்பா கையில் கொடுத்தாள்.

அப்பா வாங்கினார். துணியின் கரையைச் சோதிப்பது போலச் சுற்றிச் சுற்றி விரல்களுக்குள் ஓடவிட்டார். "ஆமா தாயி, போட்டுருக்கான்" என்றார். அன்றைக்குச் சாப்பிட்டார். அடுத்த வாரம் தறியில் உட்கார்ந்தார்.

சில வருஷம் கழித்து அவர் படுக்கையில் கிடந்தபோது, மதினி தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார். "அது முன்னு பின்னு இல்லாத சாமான்னு அவதான சொன்னா? நெசமாப் போட்டிருந்தா சுத்தித் தேஞ்சிருக்கணும்ல. ஒரே எடத்துல எப்பிடித் தேயும்?" என்றார்.  "எனக்கு அன்னைக்கே தெரியும். அவகிட்டச் சொல்லிராத தாயி. எனக்காகச் செஞ்சது வீணாப்போச்சுன்னு நெனப்பா."

நான் சொல்லவில்லை. மதினி அதற்குப் பிறகும் பின்னினாள். ஊட்டிக்கு வேலைக்குப் போன பையனுக்கு, காசிக்குப் போன கிழவருக்கு, வடக்கே வாழ்க்கைப்பட்ட தெருப் பெண்ணுக்கு என்று குளிர் தேசம் போகிற யாருக்கும் ஒரு குல்லா கொடுத்தனுப்பினாள். உனக்கு ஒன்று பின்னிக்கொள் என்றால், "நான் எந்தக் குளிருக்குப் போறேன்?" என்பாள். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான். போன தையில் அவளும் போய்விட்டாள்.

நேற்று வீட்டில் யாரும் இல்லாதபோது குல்லாவை எடுத்துத் தலை வழியாக இறக்கிக் கண்ணாடி முன் நின்றேன். தேய்ந்த இடத்தை முகவாய்க்குக் கீழே கொண்டுவந்தேன். பின்கழுத்துக்குத் தள்ளினேன். வியர்த்துக் கொட்டியது. எப்படித் திருப்பினாலும் மற்ற பக்கம் புதிதாகவே இருந்தது. என் அண்ணன் அதைப் போடவே இல்லை.